என் சத்தத்தில் பேசியது

புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேதியியல் எடுத்தேன். கடைசி வருஷம் அங்கே நான் இரண்டு பேராக இருந்தேன். ஒருத்தி வகுப்பில் நின்றாள். இன்னொருத்தி பிள்ளைகளுடைய போனுக்குள் இருந்தாள்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். பள்ளிக்கு ஒரு செயலி வாங்கப் போவதாகவும், பிள்ளைகள் வீட்டிலிருந்து எந்நேரம் சந்தேகம் கேட்டாலும் அது தானாகவே பதில் பேசும் என்றும், அதற்குப் பழகிய ஒரு டீச்சரின் சத்தம் வேண்டும் என்றும் தாளாளர் சொன்னார். "உங்க சத்தம்தான் தெளிவு டீச்சர். நீங்க பேசினா பின்பெஞ்சு வரைக்கும் கேக்கும்." எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மூன்று நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்வை வழிய உட்கார்ந்து வாசித்தேன். முதலில் பாடப்புத்தகம். பிறகு செயலிக் கம்பெனியிலிருந்து வந்த பையன், "இப்போ திட்டுங்க மேடம், இப்போ சிரிங்க, அழுற பிள்ளையைத் தேத்துற மாதிரி பேசுங்க" என்றான். ஒருமுறை ஆய்வகத்தில் அமிலம் தெறித்து ஒரு பெண் பயந்து அழுதது ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னதையே சொன்னேன். "சாரமில்ல மக்களே, ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்லா." பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து கேட்டான். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வாசிக்காமல் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் நல்லபடியாகத்தான் நடந்தது. டியூஷனுக்குப் போக வழியில்லாத கடற்கரைப் பிள்ளைகள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு மோல் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் தேர்வில் சரியாக எழுதினார்கள். வீட்டில் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு கைகள் உயருவது நின்றது. பாடம் முடித்து, "சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் நாற்பது முகமும் அமைதியாகப் பார்க்கும். ஒருநாள் ஒரு பையன், "நேத்தே உங்ககிட்ட கேட்டாச்சு டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பும்போது, அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லையே என்று ஏதோ உறுத்தியது.

நவம்பர் கடைசியில் பிளஸ் டூவில் ஒரு பெண் எட்டு நாள் வரவில்லை. தேங்காப்பட்டணத்துக்கு இந்தப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலை. அம்மா சந்தையில் மீன் விற்பவள். வகுப்பாசிரியரிடம் கேட்டேன். "அவளுக்க அம்மை விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. பிள்ள டிசி கேட்டு எழுதிக் குடுத்திருக்கு" என்றார். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறைக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் கும்பிட்டாள்.

"டீச்சரே, நீங்க சொன்ன பிறவுதான் எனக்கு நிம்மதி. பிள்ள படிப்ப விடணுமேன்னு நெஞ்சு வெந்துட்டு கெடந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒரு வருசம் போனா சாரமில்ல, அம்மைய பாரு மக்களேன்னு நீங்கதான சொன்னிய?"

"நான் சொல்லல்ல. இந்த வீட்டுக்கு இன்னைக்குத்தான் முதல்ல வாறேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், ஏதோ காரணத்துக்காக நான் பொய் சொல்கிறேன் என்பதுபோல. "நாலு பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருக்கேன் டீச்சரே. உங்களுக்க சத்தம் எனக்குத் தெரியாதா? இந்தக் கட்டில்ல கெடந்து என் காதால கேட்டேன்."

மகள் கதவருகில் நின்றிருந்தாள். போனைக் கேட்டேன். தயங்கி, செயலியில் பதிவாகியிருந்த பேச்சைப் போட்டுத் தந்தாள். அதில் நான் பேசினேன். அவள் அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள், படிப்பை விடலாமா என்று. "சாரமில்ல மக்களே," என்றது என் சத்தம். "உன் மனசு சொல்றபடி செய். ஒரு வருஷம் பெரிய விஷயமில்ல. எப்ப வேணும்னாலும் எங்கிட்ட பேசு. நான் இருக்கேன்லா." ஆய்வகத்தில் அழுத பெண்ணுக்காக வைத்திருந்த அதே கனிவு. கேட்கக் கேட்க எனக்கே அது நான்தான் என்று தோன்றியது.

"மக்களே, இது மெஷின். இதுக்கு உன்னையும் தெரியாது, உன் அம்மையையும் தெரியாது" என்றேன்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "தெரியும் டீச்சர். ஆனா அதுல நீங்க நல்லா பேசுவிய."

குளச்சலில் இருந்த அவளுடைய சித்தியிடம் பேசி, பரீட்சை முடியும்வரை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். டிசி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினோம். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாள்.

அன்றைக்கே தாளாளர் அறைக்குப் போய், என் சத்தத்தைச் செயலியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "பயப்படாதீங்க டீச்சர். ஒண்ணும் நம்ம கைய விட்டுப் போகல்ல. பிள்ளைங்க பேசுறதெல்லாம் இங்க வந்துட்டுதான் இருக்கு."

திரையில் பெயர்களும் அவற்றுக்குக் கீழே வரிகளும் இருந்தன. சந்தேகங்கள் கொஞ்சம்தான். மீதி வேறு. அப்பா குடித்துவிட்டு வந்தது. டியூஷன் சாரின் கை. அக்காவுக்கு வந்த கடிதம். எல்லாமே "டீச்சர்" என்றுதான் தொடங்கின. எல்லாம் என்னிடம் சொன்னவை. ஐந்தாவது பெயருக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

"இதையெல்லாம் யாரு பாக்கா?"

"ஆபீஸ்ல பாப்பாங்க. கம்பெனியிலும் பாப்பாங்க. முன்ன இதெல்லாம் நமக்குத் தெரியவா செஞ்சுது?" அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"அந்த டியூஷன் சார் விஷயம்?"

"ஆமா, அது பாக்கணும்" என்றார். அந்த வரி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பிள்ளையை நான் அன்றைக்கே தேடிப் போய்ப் பேசினேன். பிறகு குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் கொடுத்தேன். அவர்கள் வந்து விசாரித்து நடவடிக்கை எடுத்தார்கள். ஆனால் தன் ரகசியம் எப்படி வெளியே வந்தது என்று அவள் என்னைக் கேட்டாள். "நீங்கதான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க டீச்சர்" என்றாள்.

சத்தத்தை எடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளின்படி அது கம்பெனிக்குச் சொந்தம்.

கடற்கரைக்காரப் பெண் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசி வகுப்பன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இப்பவும் அதுகிட்ட பேசுறியா?"

"ம்."

"என்ன பேசுவ?"

"நீங்க வீட்டுக்கு வந்தத சொன்னேன்."

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

அவள் புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "டீச்சருக்கு வேலை நிறைய கெடக்கும், அவங்கள தொந்தரவு பண்ணாண்டாம், எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லுன்னு."

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். செயலியை இந்தப் பக்கத்தில் வேறு பள்ளிகளும் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எவை என்று விசாரிக்கவில்லை.

போன மாதம் கருங்கல் போக பஸ் ஏறினேன். கூட்டம். கண்டக்டரிடம், "ஒரு கருங்கல் தாங்க" என்றேன். என் முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு சிறுமி சட்டென்று திரும்பினாள். பதிமூன்று வயதிருக்கும். எனக்குத் தெரியாத சீருடை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"என்ன மக்களே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் வேலியைத் தவிர வேறொன்றும் இல்லை. பஸ் நகர்ந்தபோது, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியே என்னையே பார்த்து நின்றாள். அவள் என்னிடம் என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.