முதல் ஆணியில் ஏறிய கால்சட்டை

பெரியவர் தன் இடத்தைத் தம்பி மனைவிக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் என்று தெரு முழுக்கப் பேச்சு. அவரைப் பற்றி நல்லதாக ஒரு வதந்தி கிளம்பியது அதுதான் முதல் தடவை. நடந்தது வேறு, கேளுங்கள்.

மெக்கானிக்குகளுக்கு உடுப்பு தைக்கப் பெரியவரின் அப்பா ஒற்றை மிஷினோடு ஆரம்பித்த கம்பெனி அது. துணி நைந்தாலும் அவர் போட்ட மூன்று வரிசைத் தையல் விடாது. வெட்டு மேசைக்கு மேலே அவர் அடித்த ஆணிகள் இன்றும் உண்டு. எந்த உடுப்புக்கு ஆர்டர் அதிகமோ, துணியில் வைத்து வெட்டும் அதன் அட்டை மாதிரிக்குத்தான் முதல் ஆணி. இன்னொன்று முந்தினால், தோற்றவர் கையாலேயே மாற்றி மாட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அங்கே பெரியவர் வெட்டிய, சட்டையும் கால்சட்டையும் ஒன்றான ஓவரால்தான். தினமும் காலையில் முகக்கண்ணாடி பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொள்வார்.

தம்பி மனைவி ஒரு வெல்டரின் மகள். முழங்காலில் பை வைத்து, உள்ளே மெத்தைத் துண்டு செருகும்படி ஒரு கால்சட்டை வெட்டினாள். பெரிய பட்டறை ஒன்று அதைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியது. பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை.

“முட்டியில பையாம்! கங்காரு குட்டியா வளர்க்கப் போறாங்க?” என்றார் மனைவியிடம்.

“உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?”

“எனக்கா? தொழில் அக்கறைடி!”

அக்கறை முற்றி, அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் குறை தேடினார். மண்டியிட்டே கம்பெனித் தரை முழுதும் தேய்த்தார்.

“அண்ணே, யார்கிட்ட மன்னிப்பு கேக்குற?” என்றான் தம்பி.

ஐந்தாம் நாள், கத்தரி தீட்டும் சாணைக்கல் பக்கத்தில் மண்டியிட்டபோது முழங்கால் நறநறத்தது. பையின் வாய் மேலே இருந்ததால் இரும்புத்தூள் உள்ளே இறங்கியிருந்தது. புதையல் கிடைத்த முகத்தோடு, பட்டறைக்காரர்கள் வரும் நாளுக்கென்று அதைப் பொத்திவைத்தார்.

பட்டறைக்காரர்கள் வந்த அன்று, அவர்கள் கண்ணெதிரே பையைக் கவிழ்த்து உதறினார். மேசையெல்லாம் கறுப்புத்தூள்.

“பாருங்க சார், ஒரு வாரம் நானே போட்டுப் பார்த்தேன். மெத்தையா இது? முட்டியத் தேய்க்கிற உப்புத்தாள்!”

தம்பி மனைவியின் முகம் சுண்டியது. கால்சட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள்.

“மாமா, வாயைக் கீழ்ப்பக்கமா வெச்சு, மெத்தை விழாம ஒரு மடிப்புக் கொடுத்துட்டா?”

அவர் அடுத்த குறை சொல்வதற்குள் பிரித்துத் தைத்தே விட்டாள். வந்திருந்த ஃபோர்மேன் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்களே ஒரு வாரம் போட்டுப் பார்த்துக் குறைய எங்ககிட்டயே காட்டுறீங்களே! இந்த நேர்மைக்கே ஆர்டர் உங்களுக்குத்தான்.”

அந்த ஆர்டர் ஓவராலை முந்தியது. பெரியவர் ஸ்டூலில் ஏறித் தன் அட்டையை இறக்கினார், அவளுடையதை மாட்டினார். வாசலில் நின்று பார்த்த இஸ்திரிக்காரர் ஊதிவிட்டதுதான் அந்த வதந்தி. போன வாரம் நேரிலும் சொன்னார்.

“உங்களுக்குப் பெரிய மனசுண்ணே!”

பெரியவர் முறைத்தார்.

“மனசாவது மண்ணாங்கட்டியாவது! அவளக் கவுக்கத்தான்யா போனேன். இப்பவும் அந்த ஆணியப் பாத்தா எரியுது.”