அறைக்குள் சுற்றிய சில்லுகள்

மண்ணெண்ணெயில் ஊறிய செயினைப் பழந்துணியால் உருவும்போது எழும் கனத்த நாற்றம்தான் என்னுடைய பன்னிரண்டாவது வயதின் வாசனை. கதவும் யன்னலும் சாத்திய அறையிலிருந்து அது வெளியேற வழியில்லாமல், எங்கள் தலைமயிரிலும் உடுப்பிலும் சிலவேளை சோற்றிலும்கூட ஏறியிருந்தது.

நாங்கள் அப்போது அரியாலையில் இருந்தோம். போரினால் தெற்கே போகும் பாதை பூட்டப்பட்டிருந்தது. கொழும்பில் ஒரு கடையில் வேலைசெய்த அப்பா அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்; அம்மாவும் அண்ணையும் நானும் இந்தப் பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அண்ணையின் வயதுப் பிள்ளைகள், கடைக்கென்று போய் வீடு திரும்பாத காலம் அது. எங்கள் வீட்டுமுன் ஒழுங்கையிலேயே ஒருவர் அப்படிப் போய்வராமல் விட்ட அன்று, அம்மா வாசல் படலைக்குச் சங்கிலி போட்டார். "விறாந்தைக்கும் வரவேண்டாம் தம்பி. உள்ளுக்கை இரு. இதெல்லாம் முடியட்டும்" என்றார். அண்ணை எழும்பி அறைக்குள் போனார்.

முதலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். பிறகு ஒருநாள், மாட்டுக்கொட்டிலின் பின்னால் கிடந்த மாமாவின் பழைய சைக்கிளை எடுத்துத் தரும்படி கேட்டார். நானும் அம்மாவும் தூக்கிவந்து அறைக்குள் கிடத்தினோம். ரயர் இல்லை, சீற் இல்லை, மிச்சமெல்லாம் "கறள்". துருவை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கறளை அவர் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தொடங்கியபோது, விளக்குக்கென்று வைத்திருந்த மிச்சத்தையும் அம்மா அவரிடம் கொடுத்தார். மகன் எழும்பி உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

புதுச் சாமான் எதுவும் வராததால் செத்த சைக்கிள்களைக் கழற்றித்தான் இன்னொன்றை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. வாங்கிவரும் வேலை எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பழைய இரும்புக் கடைகளிலும், ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமும் கேட்டு, இன்றைக்கு ஒரு பெடல், இன்னொரு நாளைக்கு வளைந்த ஹாண்டில் என்று என் பள்ளிக்கூடச் சைக்கிளின் கரியரில் கட்டிக்கொண்டு வருவேன். பிழையானதைக் கொண்டுவந்தால் "உது இதுக்குப் பொருந்தாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, பகல் முழுவதும் இருந்து அரத்தால் ராவிப் பொருந்தப்பண்ணுவார். அவரிடம் நேரத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஒரு சைக்கிள் முழுமையானதும் அதை நான் ஒழுங்கைக்குக் கொண்டுபோய் "உழக்கி", அதாவது பெடல் மிதித்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அண்ணை கதவுக்குப் பின்னாலேயே நிற்பார்.

"இடப்பக்கம் இழுக்குதோ?"

"இல்லை அண்ணை."

"பிறேக் பிடிக்கேக்கை சத்தம் கேக்குதோ?"

"கொஞ்சம் கேக்குது."

அதற்குப் பிறகு கேள்விகள் சைக்கிளை விட்டு விலகிப் போகும். கோயிலடிப் பள்ளத்தை மூடிவிட்டார்களா, சந்தியில் யார் நிற்கிறார்கள், கடல் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்றெல்லாம் கேட்பார். தன் கையால் பூட்டிய சைக்கிள் எப்படி ஓடுகிறது என்பதை என் வாயால்தான் அவர் அறிய முடிந்தது. பின்னேரங்களில் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, சில்லு சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "நிப்பாட்டு தம்பி, றோட்டுக்குக் கேக்கும்" என்று அம்மாவின் குரல் குசினி அடுப்படியிலிருந்து வரும். ஒன்று இரண்டாகி மூன்றாகி, கடைசியில் அவருடைய பாய் விரிக்கவே சைக்கிள்களுக்கு நடுவில் இடம் தேட வேண்டியிருந்தது.

மாரி தொடங்கியபோது அம்மாவுக்கு "முட்டு" வந்தது. மூச்சு இழுக்கும் பழைய வருத்தம். வழக்கமான மருந்து கடைகளில் முடிந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம் குசினி நிலத்தில் குந்தியிருந்தவரால் என் பெயரைச் சொல்லவே மூச்சுப் போதவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்கள் நின்றுபோயிருந்த நேரம். நான் ஒழுங்கையில் ஓடி ஆட்களைத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியபோது, அண்ணை படலைச் சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு மாமாவின் சைக்கிளோடு வெளியே நின்றார். வெயில் பட்ட அவருடைய முகம் வெளிறிக் கிடந்தது.

அம்மாவைக் கரியரில் ஏற்றி, அவருடைய கைகளைத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கவைத்தார். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். மாதக்கணக்காக வெளியில் நடக்காத கால்கள். கொஞ்சத் தூரத்துக்குச் சைக்கிள் வேலிப்பக்கம் வேலிப்பக்கமாகப் போனது. அம்மா மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"திரும்படா... எனக்கொண்டுமில்லை... வீட்டை போ..."

அண்ணை எழும்பி நின்று உழக்கினார்.

சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்கள். அண்ணை இறங்கி அடையாள அட்டையை நீட்டினார். அவருடைய வயதேயிருந்த சிப்பாய் ஒருவன் அட்டையைப் பார்த்தான், அண்ணையைப் பார்த்தான், பிறகு அம்மாவின் உதட்டைப் பார்த்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "போங்க, போங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, ஊசி போட்டு, அம்மாவுக்குப் பேச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது, "அவனை வாசலிலை நிக்க விடாதை. உள்ளுக்கை கூப்பிடு" என்பதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு, அண்ணை தானாகவே படலைக்குச் சங்கிலி போட்டார். அறைக்குள் போய் மாமாவின் சைக்கிளைக் கடைசி நட்டு வரைக்கும் கழற்றினார். மற்றவற்றையும் கழற்றினார். ஏன் என்று கேட்டேன். "ஓடினாப் பிறகு, இதுக்கை வைச்சுச் சுத்திக்கொண்டிருக்க ஏலாது பிள்ளை" என்றார். பாதை திறக்கும்வரை அவர் ஒரு சில்லைக்கூடத் தொடவில்லை. திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

இன்று அந்தச் சந்தியில் போனுக்குக் காசு போடும் கடை இருக்கிறது. எங்கள் வீதியில் ஸ்கூட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கின்றன. ஒரு ரயருக்காக ஊரெல்லாம் அலைந்தோம் என்றால் என் மகள் சிரிக்கிறாள். அண்ணை வட்டுக்கோட்டையில் குடும்பத்தோடு இருக்கிறார், படிப்பிக்கிறார். அந்த அறையில் இப்போது நெல்மூட்டைகள். சுவரில் படிந்திருந்த எண்ணெய்க் கறைக்கு மேல் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

அந்த நாளைப் பற்றி அம்மாவும் அண்ணையும் கதைத்ததே இல்லை. போன பொங்கலுக்கு அண்ணை வந்திருந்தபோதுதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அம்மா திடீரென்று சொன்னார்: "அந்தச் சந்தியிலை நீ அட்டையை நீட்டினது இப்பவும் கனவிலை வரும் தம்பி. நான் அண்டைக்குச் செத்திருந்தாலும் நீ வெளியிலை வந்திருக்கக் கூடாது."

அண்ணை பிசைந்த சோற்றைத் தட்டில் விட்டார்.

"எனக்குச் சந்தி அவ்வளவு ஞாபகமில்லை அம்மா" என்றார். "நீங்கள் மூச்சு விட ஏலாமல் பின்னுக்கு இருக்கிறியள். எனக்கு முகத்திலை காத்து அடிக்குது. அதுதான் ஞாபகம்."