மேனேஜர் மெச்சிய கொக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கோதண்டபாணி பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகமாக இருந்தார். தட்டிலும் சாடியிலும் பூப்போடுவது வேலை. இதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று, மூன்று பிள்ளைகள் பிறந்தன, முன்தலை வழுக்கையாயிற்று. எல்லாமே நிரந்தரமாக நடந்தன. வேலை மட்டும் ஆகவில்லை. கேட்கும்போதெல்லாம் மேனேஜர் ராஜாங்கம் தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, "உன்னை நான் கரை சேக்காம வேற யாருய்யா சேக்கப் போறாங்க?" என்பார். கேட்டவர் கண்ணில் நீர் வரும். ஆர்டர் வராது.

1969இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காகக் கம்பெனி ஒரு பள்ளிக்கூடம் கட்டியது. அதன் சுவரில், பழைய நீதிக்கதைகளில் வரும் முதலை, நரி, கொக்கு மூன்றையும் பீங்கான் ஓட்டில் தீட்டிப் பதிக்கச் சொல்லி முதலாளி சென்னையிலிருந்து எழுதினார். ராஜாங்கம் பி.காம். கதை படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் குழந்தைகள் பயப்படக் கூடாது, பல்லும் நகமும் வேண்டாம், எல்லாம் பார்க்க நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். படம் நன்றாக அமைந்தால் பர்மனெண்ட் ஆர்டரில் அன்றைக்கே கையெழுத்து என்றும் சொன்னார்.

குரங்கின் ஈரலுக்கு ஆசைப்பட்ட முதலைக்குக் கோதண்டபாணி எட்டு முழ வேட்டி கட்டிவிட்டார். கோள்மூட்டிய நரிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டினார். கொக்குதான் மூன்று நாள் மக்கர் செய்தது. வற்றும் குளத்து மீன்களை வேறு குளத்தில் விடுவதாகச் சொல்லித் தூக்கிப்போய்ப் பாறைமேல் வைத்துத் தின்ற கொக்கு அது. மீன்களே நம்பி வாய்க்குள் ஏறும்படியான முகம் வேண்டும். அப்படியொரு முகத்துக்கு எங்கே போவது? நாலாம் நாள் காலை ஆர்டர் விஷயமாக மேனேஜரைப் பார்க்கப் போனார். மேனேஜர் தலையைச் சாய்த்தார். கோதண்டபாணி ஓடிவந்து தூரிகையை எடுத்தார். வஞ்சம் ஏதும் இல்லை, தொழில்பக்தி.

தீட்டிய ஓட்டின்மேல் பளபளப்புக்காக ஒரு வெள்ளைக் கரைசலை ஊற்றுவார்கள். காய்ந்ததும் படம் முழுக்க மறைந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். சூளையில் வெந்து வந்தால்தான் மறுபடி தெரியும். ஆபீசு கூட்டுகிற பாஞ்சாலைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி மேனேஜருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. வெள்ளை ஓடுகளைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, கொக்குக்கு மூக்குதான் கொஞ்சம் தூக்கல், மற்றபடி பிரமாதம் என்றார். குறைத்துவிடுவதாகக் கோதண்டபாணியும் ஒத்துக்கொண்டார்.

திறப்புவிழாவுக்கு முதல் நாள் சூளை பிரித்தார்கள். கொக்கு ஓட்டைத் துடைத்த சூளைக்காரர் தங்கராசு அதைக் கோதண்டபாணியிடம் தூக்கிவந்து காட்டினார்.

"அண்ணே, இது நம்ம மேனேஜருண்ணே. மூக்க மட்டும் ஒடச்சுட்டா, நேரா ஆபீசுல போயி உக்காந்துக்கும்."

கோதண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. சுட்ட படத்தை அழிக்கச் சுத்தியலால்தான் முடியும். புதிதாகத் தீட்டிச் சுட ஒரு வாரம் ஆகும். விடிந்தால் விழா. கொத்தனார் மூன்றையும் பதித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மேனேஜர் கொக்கின் எதிரே நின்றார். சுற்றி நின்ற தொழிலாளிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் கால் கட்டைவிரலை ஆராய்ந்தார்கள்.

"கோதண்டம், இது யாரு சாயல்?"

"உங்க சாயல்தாங்க சார்."

"அதான் தெரியுதே. கதை இன்னா, சொல்லு."

குளம் வற்றியதையும், மீன்கள் அழுததையும், கொக்கு மனமிரங்கி ஒவ்வொன்றாக அலகில் தூக்கிப் பறந்ததையும் கோதண்டபாணி சொன்னார். பாறை கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க சார், புதுக் குளத்துல எல்லா மீனும் பர்மனெண்ட் ஆயிடுச்சிங்க."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். இத்தனை நாள் தன்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு ஜீவன் கம்பெனியில் இருந்திருக்கிறது. ஆர்டரை வரவழைத்து அங்கேயே, தங்கராசின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு டீச்சர் ராஜம்மாளைக் கூப்பிட்டு, இந்தக் கதையை இப்படியே பிள்ளைகளுக்கு நடத்தும்படி சொன்னார்.

ராஜம்மாளுக்குப் பாறையும் தெரியும், அதன்மேல் கிடந்த முள்ளும் தெரியும். சொல்ல வாயையும் திறந்தார். மேனேஜர் தலையைச் சற்றே சாய்த்து, டீச்சர் வேலையும் இப்போதைக்குத் தற்காலிகம்தான் என்று கனிவாக ஞாபகப்படுத்தினார். ராஜம்மாள் நேரே வகுப்புக்குப் போய், 'கொக்கு நல்ல கொக்கு' என்று கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதிப் போட்டார். பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள்.