பள்ளிக்கூட வாசலில் கிடுகு பின்னிய உம்மாக்கள்

நேற்றுப் பின்னேரம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் தொலைபேசியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். காஸாவில் ஒரு கூடாரம். தரையில் நெருக்கியடித்துப் பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் கல்லும் மண்ணுமாகக் கிடக்க, தவ்ஜீஹிக்குப் படிக்கிறார்கள். நம்முடைய உயர்தரம் மாதிரி; அதில் தேறினால்தான் மேற்படிப்பு.

"இந்த நிலமையில படிச்சு என்ன செய்யப் போறாங்க உம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மத்தியான வெயிலில் கூடாரத்துத் தறப்பாள் சூடேறினால் ஒரு வாசம் வரும். அதை அறியாதவளுக்கு என்ன சொல்வது?

தொண்ணூறில், சண்டைக் காலத்தில், சொந்த ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம்கள் எங்களை எல்லாம் இயக்கம் வெளியேற்றிய பிறகு, புத்தளத்தில் ஒரு முகாமில் அந்த வாசத்துக்குள்தான் வளர்ந்தேன். உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன வகுப்பறைக்குள் நாங்கள் பின்னேரம் நுழைவோம். கரும்பலகையில் முக்கால்வாசியைக் கோடு போட்டு அடைத்து "அழிக்க வேண்டாம்" என்று எழுதியிருப்பார்கள். மிச்சத்தில்தான் எங்கள் பாடம். ஒருநாள் அவர்களுடைய கணக்குகளை எங்களுடையவை என்று நினைத்துக் கொப்பியில் எழுதி, மண்டையை உடைத்துச் செய்துகொண்டு போனேன். வகுப்பே சிரித்தது. பரீதாதான் கூடுதலாகச் சிரித்தாள்.

பரீதா பக்கத்துக் கொட்டில்காரி, என்னைவிடக் கெட்டிக்காரி. பள்ளி விட்டு உப்பளத்து ஓரமாக நடந்து வருவதற்குள் எங்களுக்கு நன்றாக இருட்டிவிடும். உயர்தரப் பரீட்சை நெருங்குகையில் அவளுடைய வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"குமர்ப்பிள்ளைய இருட்டில அனுப்ப ஏலாது. படிச்சது காணும்."

அவளுடைய உம்மா கூரை வேயத் தென்னோலையில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். அதை விற்றால்தான் அடுப்பு எரியும். தலை நிமிராமலே சொன்னார்: "அப்ப நானும் கூடப் போறன். கிடுகை எங்க இருந்து பின்னினா என்ன?"

மறுநாள் ஊறவைத்த ஓலையைத் தலையில் சுமந்து வந்து பள்ளிக்கூட வாசலில் குந்திவிட்டார். ஒரு கிழமைக்குள் என் உம்மாவும் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். காவலாளிக்குப் பொறுக்கவில்லை.

"இது பள்ளிக்கூடமா, கிடுகுக் கடையா?"

"ரெண்டுந்தான் தம்பி. பிள்ளையள் முடிச்சு வரட்டும்," என்றார் பரீதாவின் உம்மா.

பரீதா தேறிப் பல்கலைக்கழகம் போனாள். நான் முதல் தடவை கோட்டைவிட்டேன். அழுதுகொண்டு கிடந்தபோது என் உம்மா சொன்னது ஒன்றுதான்: "இன்னொருக்கா எழுது. எனக்கு இன்னும் ஓலை கிடக்கு." எழுதினேன், தேறினேன்.

அந்த உம்மாக்கள் எல்லோரும் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். இன்று, சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்திருக்கும் எருக்கலம்பிட்டியில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் அப்படி யாரும் காவல் இருப்பதில்லை. அந்த நாட்கள் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. காஸாவிலும் அவை போகவேண்டும், போயே தீரும். மகள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நடக்கும் டியூஷன் முடிந்து, இரவில் தனியாக ஸ்கூட்டரில் வருகிறாள். அவள் வந்து கதவைத் தட்டும்போது பல நாட்கள் நான் நிம்மதியாகத் தூங்கிப்போயிருக்கிறேன்.