யாரும் இடிக்க முடியாத களஞ்சியம்

நோர்வேயில் வீடு விற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைத் திறந்துவிடுவார்கள். அதற்கு விஸ்னிங் என்று பெயர். முன்பின் தெரியாத எவரும் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு படுக்கையறை வரைக்கும் போகலாம். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். பிறத்தியார் வீட்டுக்குள் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

ஒஸ்லோவின் அம்மருட்டில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் நானும் மனைவி வதனியும் இருந்தோம். நான் பஸ் ஓட்டினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலத்தில் கால் படும் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை எனக்கு. இலங்கையில் சண்டை நின்று, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலம் காரோடி, விற்பனைக்கு வந்திருந்த ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். வெள்ளை அடித்த சிறிய வீடு. அதன் பின்னால், கறுத்துப்போன மரங்களால் ஆன பெரிய களஞ்சியம், லோவ என்பார்கள். முழு மரங்களை மூலைகளில் வெட்டிக் கொளுவி, ஆணி இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். கோடரி கொத்திய தடங்கள் அப்படியே தெரிந்தன. மாடுகள் போய் எத்தனையோ காலமாகியும் உள்ளே வைக்கோல் மணம் இருந்தது. இடுக்குகளால் வெயில் கோடு கோடாக விழுந்தது. நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

வீட்டுக்காரர் ஊலாவ் எண்பது வயதைத் தாண்டியவர். தன் மனைவி முதியோர் இல்லத்தில் சேர்ந்தபின் தனியே இருந்தார். அவர் மரச்சுவரைத் தடவியபடி, "லோவன் ஆர் ஃப்ரேடெட்" என்றார். ஃப்ரேட் என்றால் சமாதானம். அந்த நாட்களில் ஒஸ்லோத் தமிழர் எல்லோர் வாயிலும் இருந்த சொல் அது. எங்கள் நாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, சமாதானம் வரும் என்றுதான் நம்புகிறோம் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் சொன்னேன். கிழவர் குழம்பிப்போய் வதனியைப் பார்த்தார்.

"அவர் அதைக் கதைக்கேல்லையப்பா," என்றாள் வதனி. "இந்தக் கட்டடத்தை ஆரும் இடிக்கேலாதாம். வாங்கிறவையும் இடிக்கேலாது. சட்டமாம்."

பிறகு அவளும் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது, "வாங்குவமே?" என்று கேட்டேன்.

"வடிவான இடம்தான். ஆனா எனக்கொரு வீடு இருக்கல்லோ," என்றாள். "இஞ்சை வாங்கினா நாங்கள் திரும்பிப் போகமாட்டம்."

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் அவளுடைய தகப்பன் கட்டிக்கொடுத்த வீட்டைச் சொன்னாள். கலியாணம் முடித்துச் சில மாதங்கள்தான் அதில் இருந்தோம். ஷெல் விழத் தொடங்கிய ஒரு காலையில், அடுப்பில் இருந்த சோற்றையும் இறக்காமல் ஓடிவந்தோம். பிறகு அந்தப் பக்கமெல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. அந்த வீட்டுச் சாவியை மட்டும் அவள் தொலைக்கவில்லை. வாங்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஊருக்குப் போனோம். இராணுவச் சோதனைச்சாவடிக்கு அப்பால் எங்களை விடவில்லை. கோயிலுக்கென்று அனுமதி பெற்று ஒருமுறை உள்ளே போய்வந்த பழைய அயலவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் வதனியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அங்கை உங்கட வீடு இல்லைப் பிள்ளை. எங்கடையும் இல்லை. எல்லாம் மட்டமாக்கிக் கிடக்கு. எந்த இடத்திலை எது நிண்டது எண்டே எனக்குப் பிடிபடேல்லை."

"கிணறாவது?" என்று கேட்டாள். அதுவும் இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவள் அங்கே அழவில்லை. விமானம் கொழும்பிலிருந்து எழும்பியபின், யன்னல் பக்கம் திரும்பி, சால்வையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஊலாவின்ர வீடு வித்துப்போயிருக்குமோ?" என்றாள். வித்துப்போயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை போனோம். முற்றத்தில் சிறுவர் ஊஞ்சல் ஆடியது. யன்னலில் புதிய திரை. களஞ்சியம் மட்டும் அசையாமல் அப்படியே நின்றது. வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றோம்.

இளம் மனிதர் ஒருவர் கைகளைத் துடைத்தபடி வந்தார். "வழி தவறிவிட்டீர்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வதனி, "யா," என்று ஆமோதித்தாள்.

"எங்கே போகவேண்டும்?"

அவள் அவருடைய தோளுக்கு மேலால் அந்தக் கறுத்த மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர், "ஒஸ்லோவா?" என்று தானே கேட்டு, தெற்குப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். வதனி தலையசைத்து நன்றி சொன்னாள். நான் காரைத் திருப்பினேன். நன்றாகத் தெரிந்த அந்தப் பாதையில், இப்போதுதான் வழி கேட்டு அறிந்தவர்களைப் போல, மெதுவாகப் போனோம்.