இருட்டில் சேர்ந்த ஜோடிகள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இல்லாத குரல்கள் என் காதில் கேட்டு, அதெல்லாம் நோய் என்று டாக்டர் சொல்லி, மாத்திரையில் அடங்கியும் போன பிறகு வேறு எதை நம்புவது? இதைச் சொன்னால் மாத்திரையை விட்டுவிட்டாயா என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். விடவில்லை.

குரல்தான் நின்றது, மறதி நிற்கவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஜோடி சேர்க்கிற வேலை. தைத்து வரும் மேல்தோலில் இடதும் வலதும் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, சேர்த்து நூலால் கட்ட வேண்டும். ஒன்றை எடுப்பேன், அடுத்ததைத் தேடுவதற்குள் முதலில் எடுத்தது என்ன நிறம் என்பது போய்விடும். போவது எனக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. அக்காவிடம் சொன்னால், "மாத்திர போட்றியே, நல்லாத்தான இருக்கே. சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரா?" என்பாள். இந்த வேலையும் போனால் யார் தருவார்கள் என்று தினமும் பயந்துகொண்டேதான் போவேன்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டி மழை பிடித்து, கரண்டும் போய்விட்டது. நிறம் தெரியாமல் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது. விளக்கு வந்தபோது என் தட்டு முழுக்க ஜோடி சேர்ந்து கிடந்தது. மழை விட்டதும் சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், நம்பினால் நம்புங்கள், ஒரு தப்பு இல்லை. "உன்ன இன்னாமோ நெனச்சேன்பா" என்றார். ஆனால் நூலில் இருந்த அந்தச் சிக்கலான முடிச்சு என்னுடையது இல்லை. எனக்கு அப்படிப் போடவே வராது.

சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே, பக்கத்து மேசை செல்வியிடம் யார் கட்டியது என்று கேட்டேன்.

"நீதாண்ணா. பேசிக்கினே கட்னியே."

"இன்னா பேசினேன்?"

"'அவனுக்கு மறதி ஜாஸ்தி, நான் பாத்துக்கறேன், அவன்கிட்ட சொல்லாத, பயந்துப்பான்'னு சொன்னே. யாரச் சொன்னே?"

நோய் என்றால் குரல் என் காதில்தானே கேட்க வேண்டும்? அவள் காதில் எப்படிக் கேட்டது? அன்றிலிருந்து என் வேலையில் ஒரு குறை கிடையாது. முடிச்சு மட்டும் என்னுடையது இல்லை.

எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று நேற்று முடிவு செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மாத்திரைப் பையின் வாய் நூலால் கட்டியிருந்தது, அதே முடிச்சு. தான் கட்டவில்லை என்று அக்கா சொல்கிறாள். அவிழ்க்கத் தெரியாமல் கத்தரிக்கோலால் வெட்டித்தான் மாத்திரையை எடுத்தேன்.