தங்கச்சியின் கைகளுக்கு ஒரு போன்

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் முகத்தை ஒரு மாதிரி ஆக்கிக்கொண்டு ‘உச்’ கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவள் அவள்தான். கையை எடுத்தால் கீழே வைக்கமாட்டாள்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் அவள் பேசுவது யாரும் கற்றுக்கொடுத்த சைகை இல்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், அடுப்படியில் குந்திக்கொண்டு, அம்மாவும் அவளும் நானுமாக உண்டாக்கிய பாஷை அது. முழங்கால்வரை காலுறையை இழுத்துவிடுவதுபோலக் காட்டினால் தோட்டத்துத் துரை. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. தொடையில் கிள்ளினால் நான். சின்ன வயதில் நான் அவளுக்குச் செய்த உபகாரம் அப்படி.

நான் ஒரு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தவள், கூடப் பிறந்தவளுக்குப் பெயர் எழுதுவதற்கு மேல் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் உட்காருவேன், மூன்றாம் நாள் சிலேட்டைத் தூக்கி எறிவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதன் பலனைப் பிறகு நாங்கள் எல்லாருமே அனுபவித்தோம். அவளுக்கு மெசேஜ் அனுப்பிப் பயனில்லை, போனில் கூப்பிட்டும் பயனில்லை. முகமும் கையும் தெரிகிற வீடியோ கால் ஒன்றுதான் வழி.

அவளை வட்டகொடையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை மரக்கறி லொறி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சோறு, தண்ணீர், வலி, கடை, நாளைக்கு, வா, போ என்று வீட்டுக்கு வேண்டிய சைகைகளையெல்லாம் ஆசையாகக் கற்றுக்கொண்டார். ஆனால் மனதுக்குள் ஓடுவதைச் சொல்ல அவை போதாது. அதற்கு அடுப்படியில் எங்களோடு இருபது வருஷம் குந்தியிருக்க வேண்டும்.

கல்யாணமான அடுத்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய மழை பெய்து, மண் சரிந்து, ரயிலும் நின்றுபோனது. மூன்று பஸ் மாறித்தான் போகவேண்டும். அம்மாவின் முழங்கால் ஒரு பஸ்ஸுக்கே வராது. எனக்கோ பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துகிற காலம். மாப்பிள்ளை நாள் தவறாமல் அம்மாவைக் கூப்பிடுவார்.

“அத்தே, நல்லாத்தான் இருக்கா. கிளினிக் போயிட்டு வந்துட்டா. ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க.”

போனை வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்ப்பாள்.

“அவரு சொல்றாரு. அவ சொல்லலியே.”

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் வீட்டில் மாதக் கணக்கில் ஓடியது. வயிற்றுப் பிள்ளைக்காரி எப்படி இருக்கிறாள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோ கால் எடுக்காமல் இல்லை. எடுத்தால் தங்கச்சியின் கை மேலே போகும். அடுத்துப் பார்த்தால் மடியில் கிடக்கும். நடுவில் அது என்ன சொன்னதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளித்துக்கொள்வார்கள். எங்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது.

சரி, அம்மாவின் போன்தான் ஓட்டை, புதுசு வாங்கிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஒன்றில் இறங்கினால் நான் அரைகுறையாக இறங்கமாட்டேன். இரண்டு வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரையும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கவிடவில்லை. கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி, அதை மடித்து எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற போன் கடை முஸ்லிம் அண்ணன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “யாருக்கு டீச்சர்?” என்றார்.

“அம்மாவுக்கு.”

“அம்மா யாரோட பேசப்போறாங்க? எந்தப் பக்கம் இருக்காங்க அவங்க?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொன்னால் தங்கச்சியைப் பற்றிச் சொல்லவேண்டி வரும், அவர் ‘உச்’ கொட்டுவார் என்று எனக்கு முன்கூட்டியே கோபம் வந்துவிட்டது.

“அதெல்லாம் எதுக்கு நானா? தாள்ல உள்ளத காட்டுங்க.”

அவர் மறுபேச்சில்லாமல் காட்டினார். கடையிலேயே இன்டர்நெட் வேகம் பார்க்கிற ஆப்பைப் போட்டு ஓட்டிக் காண்பித்தார். முள் சர்ரென்று ஏறியது. பெரிய எழுத்தில் பெரிய எண் ஒன்று வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து முதல் கால் எடுத்தோம். அம்மா புதுப் போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“முன்ன சின்னதா தெரியாம இருந்துச்சு. இப்ப பெருசா தெரியாம இருக்கு புள்ள.”

அதன் பிறகு நான் கவரேஜைத் துரத்த ஆரம்பித்தேன். லயத்து வாசல், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, ரோட்டு வளைவு என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கிற இடத்தில் வேகம் இருக்காது. இரண்டே கோடு இருக்கிற இடத்தில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். சாயந்தரம் வேலை விட்டு எல்லாரும் போனை எடுத்தால், காலையில் நன்றாக இருந்த இடமும் படுத்துவிடும். கோடு என்பது டவர் காதில் விழுகிறதா என்று மட்டும்தான் சொல்லும், டவருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கிறதா என்று சொல்லாது. இதை நானாகவே கண்டுபிடித்தேன் என்று கொஞ்ச நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கோயில் படிக்கட்டுதான் தோட்டத்திலேயே வேகமான இடம் என்று முடிவானது. அம்மாவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தேன். தங்கச்சியின் கை அப்போதும் துண்டு துண்டாகத்தான் வந்தது.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன்.

“நீட்டி முழக்காதம்மா. எல்லாம் ஒடஞ்சுதான் போகும். பெருசா, மெதுவா, ரெண்டே ரெண்டு கேளு. சாப்பிட்டியா, நல்லாருக்கியான்னு. அவ கட்டவிரல காட்டினா வச்சிரு.”

அம்மா சொன்னபடி செய்தாள். தினமும் இரண்டு கேள்வி, ஒரு கட்டைவிரல். இப்படி இரண்டு மாதம் போனது. தங்கச்சி கட்டைவிரலைக் காட்டும்போது முகம் எப்படி இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை. முகமும் தெளிவாக வந்தால்தானே.

பரீட்சை முடிந்ததும் சண்டை போடுகிற மூடில் ஹட்டனுக்குப் போனேன். போனைக் கவுண்டரில் வைத்து, “இது ஒண்ணுக்கும் உதவாது நானா” என்றேன். அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. பிறகு, முதல் நாள் கேட்டதையே திரும்பக் கேட்டார்.

“அம்மா யாரோட பேசுறாங்க டீச்சர்?”

இந்த முறை சொன்னேன். தங்கச்சி, காது, கை, வயிற்றில் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் உச் கொட்டவில்லை.

“அவங்க கையில என்ன போன்?”

“மாப்பிள்ளையோட பழசு. அஞ்சாறு வருஷம் இருக்கும்.”

“அப்ப நீங்க அங்கதான் புதுசு குடுத்திருக்கணும்” என்றார். “நீங்க பாக்குற படத்த உங்க போனா எடுக்குது? தங்கச்சிட போன்தானே எடுத்து அனுப்புது. அனுப்புற பக்கம் நொண்டினா, இங்க எத வச்சுப் பாத்தும் சரிவராது.”

வேகம் பார்க்கிற ஆப்பைத் திரும்பத் திறந்தார். பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு எண் இருந்தது. இத்தனை நாளும் கண்ணில் பட்டும் நான் படிக்காத எண். முதலாவது நமக்கு வந்து சேருகிற வேகம், இரண்டாவது நம்மிடமிருந்து போகிற வேகம். “படம் பாக்குறவங்களுக்கு மொதல் நம்பர் போதும். கையால பேசுறவங்களுக்கு ரெண்டாவது நம்பர்தான் முக்கியம்” என்றார். சில பழைய போன்களில் 4ஜி இருக்காது, இருந்தாலும் அந்தப் பக்கத்து டவரின் அலைவரிசை எல்லாவற்றையும் பிடிக்காது என்றும் சொன்னார். கடைசியாக, “வெளிச்சத்துல உக்காரச் சொல்லுங்க. இருட்டுல கேமராவுக்கு ஒவ்வொரு படம் எடுக்கவும் நேரம் போகும், ஓடுற கை தேஞ்சு போயிரும்” என்றார்.

அவரிடம் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. வழியெல்லாம் ஒரே யோசனைதான் ஓடியது. அவளைப் பார்க்கவேண்டும், அவளைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் எங்களுக்குத்தான் நல்லது வாங்கிக்கொண்டோம். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்குமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். என் போனை அம்மாவிடம் கொடுத்து, பதினொரு மணிக்குக் கோயில் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, புதுப் போனோடு மூன்று பஸ் மாறி வட்டகொடைக்குப் போனேன். தங்கச்சி வாசலுக்கு ஓடிவந்தாள். வயிறு முன்னால் வந்தது. என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுத் தொடையில் நன்றாக ஒரு கிள்ளும் கிள்ளினாள்.

வந்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று உடனே வேகம் பார்க்கத் தொடங்கினேன். வீட்டுக் காம்பராவுக்குள் இரண்டாவது எண் ஒன்றைத் தாண்டவில்லை. வாசலில் மூன்று. கரட் பாத்திக்குப் பக்கத்தில் எட்டு. போனை ஏந்திக்கொண்டு நான் பாத்தி பாத்தியாக நடப்பதைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்து, கல்லை முட்டுக்கொடுத்து, போனைச் சாய்த்து வைத்தேன். எதிரே பலகையில் அவளை வெயில் படும்படி உட்காரவைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா வந்தாள். கோயில் படியும் அம்மாவின் மூக்குத்தியும் பளிச்சென்று தெரிந்தன. பழக்கதோஷத்தில் அம்மா கையைப் பெரிதாக, மெதுவாக ஆட்டினாள். சாப்பிட்டியா? நல்லாருக்கியா?

தங்கச்சி கட்டைவிரலைக் காட்டவில்லை.  அவள் கைகள் கிளம்பின. அத்தனை வேகமாக அவள் பேசி நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

“இத மட்டுந்தான் கேப்பியா? கல்யாணம் ஆனா எங்கிட்ட பேச வேற ஒண்ணுமே இல்லையா? தெனமும் ரெண்டு கேட்டுட்டு வச்சிர்ற. இவளும் பக்கத்துல நின்னுக்கிட்டு வெரட்டுறா. என்னைய விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

அம்மா அசையவில்லை. படம் நின்றுவிட்டதென்று நான் பதறிக் குனிந்தேன். அம்மாவுக்குப் பின்னால் ஓர் ஆடு நிதானமாகப் படியேறிப் போய்க்கொண்டிருந்தது. படம் நிற்கவில்லை, அம்மாதான் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கேள்வி போதும் என்று சட்டம் போட்டவள் நான். குறுக்கே போய் அவளிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு வேண்டியது அம்மாவின் பதில்.

“பேச ஆசையாத்தான் இருந்துச்சு” என்றாள் அம்மா. “உன் கை எனக்கு வந்து சேரல. இப்ப வருது. சொல்லு. என்னா வேணுமோ சொல்லு.”

 தங்கச்சி வேகமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“பயமா இருக்கும்மா. பெத்தெடுத்து உங்கிட்ட இருக்கிற வரைக்கும் சரி. இங்க திரும்பி வந்தப்புறம்? அவரு லொறியில போயிருவாரு. நான் தூங்கிட்டு இருப்பேன். புள்ள அழுதா எனக்கு எப்படித் தெரியும்?”

எத்தனை மாதமாக இதை வைத்துக்கொண்டிருந்தாளோ. மாப்பிள்ளையிடம் சொல்ல அவருக்குத் தெரிந்த சைகைக்குள் இது அடங்காது. எங்களிடம் சொல்ல நாங்கள் இடம் விடவில்லை.  

 அம்மா போனைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பேசினாள். ஓர் அசைவும் உடையாமல் வந்தது.

“நீ பச்சப்புள்ளயா இருந்தப்ப உன்னைய பிள்ளைக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போவேன். காத்து இந்தப் பக்கம் அடிச்சா நீ அழுறது மேல வரைக்கும் கேக்கும். உன் சத்தம்னு எனக்குத் தெரியும். கூடை நெறையாம எறங்க முடியாது. கேட்டுக்கிட்டே கொழுந்து எடுப்பேன். கேட்டு என்னா செய்ய, நான் பக்கத்துல இல்லியே. நீ அப்படி இல்ல. நீ பக்கத்துலயே இருப்ப. புள்ளைய நெஞ்சோட போட்டு, கைய அது மேல வச்சுப் படு. அழுதா ஒடம்பு குலுங்கும். உன் கைக்குத் தெரியும்.”

தங்கச்சி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள்.  பிறகு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அம்மா முதலிலிருந்து சொன்னாள்.